தொழுவத்து ஊசியும் காட்டுமாடும்

மேகமலைத் தேயிலைச் சரிவில் காட்டுமாடு மேய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னங்கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற நிறம். நன்கு வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடும். அமெரிக்காவில் இதன் உறவான பைசன் கோடிக்கணக்கில் இருந்தது. 1880களுக்குள் துப்பாக்கி அதைச் சில நூறாக்கிவிட்டது. நம் காட்டுமாட்டைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது வெக்கை நோய். 1968-இல் முதுமலைக் காடு அதைக் கண்டது. வீட்டு மாட்டிலிருந்து தொற்றும் நோய் அது. கம்பம் பள்ளத்தாக்கில் வளர்க்கும் மலைமாடும் காட்டுமாடும் ஒரே மலைப் புல்லை மேய்ந்தவை. தொழுவத்தில் போட்ட தடுப்பூசி காட்டையும் சேர்த்தே காத்தது. 2011-இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டது. ஆனால் அதேபோல வீட்டு மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குத் தொற்றக்கூடிய கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. மலையடிவாரக் கிடையில் ஒரு மாடுகூட ஊசி போடாமல் விடுபட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.