அல்லகுறி

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் என் அருகே தம்பி மகள் அமர்ந்திருந்தாள். வயது 32, பெங்களூரில் பணி. மாப்பிள்ளை வீட்டார் திருவில்லிபுத்தூரில் தங்கள் உறவினர் இல்லத்திற்கு வருவதாகவும், நாங்கள் அங்கே சென்று பார்ப்பதாகவும் ஏற்பாடு. தம்பிக்கு உடல்நலமில்லை. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் நான் அழைத்துச் சென்றேன்.

மேற்கே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. ஓய்வு நாட்களை எப்படிக் கழிக்கிறாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஞாயிறு திருப்பலி, வாரத்துத் துணிகளைத் துவைப்பது என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், சனிக்கிழமை இரவுகளில் எப்போதாவது தோழியருடன் 'நைட் கிளப்' செல்வதுண்டு என்றாள்.

"எதற்கம்மா அங்கெல்லாம்?" என்றேன். என் குரலில் கடுமை இருந்திருக்க வேண்டும்.

"யாராவது வந்து என்னோடு பேசமாட்டார்களா என்றுதான், பெரியப்பா. ஆனால், அங்கே பாட்டுச் சத்தத்தில் யாரும் பேசவே முடியாது."

குடி, உடை, பண்பாடு என்று மூன்று தலைப்புகளில் நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த அறிவுரை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

துணை தேடுவது குற்றமா? மனிதன் தனிமையாய் இருப்பது நல்லதன்று என்று படைத்தவரே கண்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது. தேடுவதற்கு ஓர் இடமும் வேண்டுமல்லவா? விவிலியத்தில் அந்த இடம் பெரும்பாலும் கிணற்றடி. யாக்கோபு ராகேலைக் கண்டதும் கிணற்றருகே. மோசே சிப்போராவின் குடும்பத்தை அடைந்ததும் கிணற்றருகே. நம் முன்னோரோ இடத்திற்கு இலக்கணமே வகுத்தார்கள். பகலில் சந்திக்கும் இடம் பகற்குறி. இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. இன்று கிணற்றடி இல்லை. தெப்பக்குளத்துப் படிக்கட்டில் இருவர் அமர்ந்து பேசினால் ஊர் பொறுப்பதில்லை. ஊரை விட்டுப் பிழைக்கப்போன பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது கைப்பேசித் திரையும் இத்தகைய கூடங்களும்தாம்.

தொல்காப்பியக் களவியலில் 'அல்லகுறி' என்றொரு செய்தி உண்டு. தலைவன் தன் வரவை உணர்த்தப் பறவைகளை எழுப்புவான், நீரில் கல்லெறிவான். சில இரவுகளில் அந்த ஓசை வேறு காரணத்தால் தானே எழுந்துவிடும். தலைவி விரைந்து வருவாள். அங்கே யாரும் இரார். மனம் நொந்து திரும்புவாள். என் தம்பி மகள் சொன்ன கூடத்தை எண்ணும்போது இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஓசை விடியுமட்டும் அழைக்கிறது. அழைத்தவர் எவருமில்லை.

அந்த இடங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மது தலைக்கேறிய நிலையில் ஒருவர் தரும் இசைவு இசைவாகாது. முகத்தையும் உடையையும் மங்கிய வெளிச்சத்தில் அளந்து ஒருவரைத் தேர்வதும் தள்ளுவதும் அவரைப் பண்டமாக்குவதே. ஆனால், இந்தக் குற்றச்சாட்டை எழுதும்போதே என் பேனா தயங்குகிறது. நம் பெண் பார்க்கும் சடங்கில் நாம் அளப்பது என்ன? நிறம், உயரம், சவரன் கணக்கு. வெளிச்சம் மட்டும் அங்கே சற்று அதிகம்.

2009 சனவரியில் மங்களூரில் ஒரு மதுக்கூடத்தினுள் புகுந்த கும்பல், அங்கிருந்த இளம்பெண்களை அடித்து விரட்டியது. பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். அன்று, "அடித்தது தவறுதான், ஆனால், அந்தப் பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். அந்த 'ஆனால்' என்னும் சொல்லுக்காக இப்போது வெட்கப்படுகிறேன். இடத்தைப் பழித்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுவதாக ஓர் எண்ணம். கார்த்தேஜ் நகரில் இளைஞராய்த் திரிந்த நாட்களில், ஆலயத்தினுள் வழிபாடு நடக்கும்போதே தம் கண்கள் இச்சையோடு அலைந்ததைப் புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாவம் இருட்டறையில் மட்டுமே குடியிருப்பதாக எண்ணுவோர் அப்பகுதியைப் படிக்கலாம்.

ரெபேக்காவை நினைத்துப் பாருங்கள். ஆபிரகாமின் ஊழியர் கிணற்றருகே நின்று பார்த்தது அழகை அன்று. முன்பின் அறியாத வழிப்போக்கருக்கும் அவருடைய பத்து ஒட்டகங்களுக்கும் மனமுவந்து நீர் இறைக்கும் பெண் யார் என்பதையே பார்த்தார். பேச்சு முடிந்த பின்னும் வீட்டார் அவளை அழைத்து, இவரோடு செல்ல உனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். பழமை மிகுந்த அந்தக் காலத்தில்! இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 1057) மணமக்களின் இசைவே திருமணத்தை ஆக்குகிறது என்கிறது. அந்த இசைவை வேறெவரும் அவர்களுக்காகத் தர இயலாது. ஓலை வாசிக்கும்போது இதை நினைப்பவர் எத்தனை பேர்?

பேருந்து ஊரை நெருங்கியபோது ஆண்டாள் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்தது. மானிடருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்ற மகளை வற்புறுத்தாமல், யாரை விரும்புகிறாய் என்று பெரியாழ்வார் அவளிடமே கேட்டதாகக் குருபரம்பரைக் கதை கூறுகிறது. அவ்வூர் வீதியில்தான் நாங்கள் இறங்கினோம்.

அந்த வீட்டில் அரை மணி நேரம் இருந்தோம். சம்பளம் எவ்வளவு, நகை எவ்வளவு, மணமான பின் வேலையை மாற்றிக்கொள்வாளா என்று கேட்டார்கள். எல்லாக் கேள்விகளும் என்னிடமே வந்தன. நானும் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கெட்டவராகத் தோன்றவில்லை, கூச்சமாக இருக்கலாம்.

திரும்பும் வழியில் பால்கோவா வாங்கினோம். பேருந்து நிலையத்தில் நிற்கையில் அவள் மெல்லச் சொன்னாள்:

"அங்கே பாட்டுச் சத்தமே இல்லையே, பெரியப்பா."

இரண்டு நாட்கள் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். நாள் குறிக்கலாமா என்று கேட்கிறார்களாம். அவன் குரலில் பல ஆண்டுப் பாரம் இறங்கியிருந்தது.

"அவளைக் கேட்டாயா?" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.