வென்றுவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

கூடைப்பந்து பார்க்காத தம்பி தங்கைகளுக்கும் புரியும்படி ஒரு கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கதை நடந்தது கனடாவில். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி நம் கிளைக் கூட்டத்திலும், கோயில் நிர்வாகத்திலும், வேலை இடத்திலும் அடிக்கடி வருகிற கேள்விதான்.

என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் மொத்தம் 30 குழுக்கள். அவற்றில் கனடாவைச் சேர்ந்தது இன்று ஒன்றே ஒன்று, டொரோண்டோ ராப்டர்ஸ். அந்த ஊர் ரசிகர்களுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்தது. நல்ல ஆட்டக்காரர் யாரும் அங்கே நிலைத்து இருப்பதில்லை. 2000-இல் டிரேசி மெக்கிரேடி போனார். 2004-இல் வின்ஸ் கார்ட்டர் போனார். 2010-இல் கிறிஸ் பாஷும் போனார். "வளர்த்துவிட்டா பறந்துடுவாங்க" என்று ஊரே நொந்துபோயிருந்த நேரத்தில், 20 வயது ஆட்டக்காரர் ஒருவர், கவலைப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்ற பொருளில் டுவிட்டரில் எழுதினார். அவர் பெயர் டெமார் டெரோசான்.

சொன்னபடியே இருந்தார். 2009 முதல் ஒன்பது பருவங்கள். 2016-இல் ஒப்பந்தம் முடிந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை வந்தது. அவர் பிறந்து வளர்ந்ததோ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். ஆனாலும் வேறு எந்தக் குழுவோடும் பேச உட்காராமல், ஐந்தாண்டுக்கு 139 மில்லியன் டாலர் என்று ராப்டர்ஸிலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் குழுவின் வரலாற்றில் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் அன்று யாருமில்லை.

குழுவும் வளர்ந்தது. ஆனால் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டும் பிளேஆஃப் சுற்றில் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் குழுவிடம் தோற்று வெளியேறியது. 2018-இல் 59 வெற்றிகளோடு கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தும், கிளீவ்லண்டிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று விழுந்தது. பயிற்சியாளர் டுவேன் கேசியை நீக்கினார்கள். அடுத்த மாதமே லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது! ஜூலை 18-ஆம் தேதி டெரோசானையும் மாற்றினார்கள். அவரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் குழுவுக்குக் கொடுத்து, அங்கிருந்து கவாய் லெனார்டைக் கொண்டுவந்தார்கள். லெனார்ட் அதற்கு முந்திய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஓராண்டு ஆடிவிட்டு விரும்பினால் போய்விடலாம் என்ற நிலையில் வந்தவர்.

பருவத்தின் நடுவில், 2019 பிப்ரவரியில், இன்னொரு மாற்றம். ஏழாவது பருவமாக அங்கே ஆடிக்கொண்டிருந்த ஜோனாஸ் வாலன்சியூனஸ் உட்பட மூவரைக் கொடுத்து மார்க் கசோலை வாங்கினார்கள். பிறகு நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே. மே 12-ஆம் தேதி, பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். நமக்கு அது திங்கட்கிழமை காலை. ஆட்டம் 90-90 என்று சமநிலையில் இருக்க, கடைசி நொடியில் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. ஜூன் 13-ஆம் தேதி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை நான்குக்கு இரண்டு என்று வீழ்த்தி ராப்டர்ஸ் முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரு குழு அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் லெனார்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார்.

கதை இவ்வளவுதான். இப்போது கேள்வி. ஒன்பது ஆண்டு உழைத்தவரை அனுப்பிவிட்டு, ஓராண்டு தங்க வந்தவரைக் கொண்டு வென்றார்களே, அது சரியா?

இதை நான் நண்பர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஜெயிச்சாச்சு லா, அப்புறம் என்ன?"

இந்தப் பதிலைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். அந்தப் பந்து நான்காவது முறை குதித்தபோது வெளியே விழுந்திருந்தால்? ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். ராப்டர்ஸ் தோற்றிருக்கவும் கூடும். அப்போது இதே நண்பர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "விசுவாசமா இருந்தவனை விரட்டினாங்க, அந்தப் பாவம் சும்மா விடுமா" என்றுதானே? 2018 ஜூலையில் எடுத்த ஒரு முடிவு தர்மமா அதர்மமா என்பதை, 2019 மே மாதத்தில் ஓர் இரும்பு வளையமா தீர்மானிக்க முடியும்?

கடமையில்தான் நமக்கு உரிமை, பலனில் இல்லை என்று கீதை வகுப்பில் படித்திருக்கிறோம். இதைப் பெரும்பாலும் தோற்றவருக்கு ஆறுதலாகத்தான் சொல்கிறோம். பரீட்சையில் குறைவாக வாங்கிய தம்பியிடம், பரிசு கிடைக்காத தங்கையிடம். என்னைக் கேட்டால், வென்றவனுக்குத்தான் அந்தப் பாடம் அதிகம் தேவை. பலன் நம் கையில் இல்லை என்றால், நல்ல பலன் வந்துவிட்டதைக் காட்டி நம் செயலை நியாயப்படுத்தவும் முடியாதே. கிண்ணம் கையில் இருக்கிறது என்பதற்காகச் செய்தது சரியாகிவிடாது. கிண்ணம் இல்லாததால் தவறாகிவிடவும் செய்யாது.

சரி, அப்படியானால் டெரோசானை மாற்றியதே தவறா? அதையும் நான் சொல்ல மாட்டேன்.

விசுவாசமாக இருந்தவரை எப்போதுமே மாற்றக்கூடாது என்று வைத்துக்கொண்டால், என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். இருபது ஆண்டாக ஒரே தலைவர், ஒரே பொருளாளர், கீழே இளைஞர்களே இல்லாத சங்கங்களை நாம் பார்த்ததில்லையா? "அவர் எவ்வளவோ செஞ்சிருக்காரு, எப்படி எடுக்கிறது" என்று தயங்கித் தயங்கியே இயக்கம் தேய்ந்துபோகும். ஒரு குழு இருப்பது அதில் உள்ள ஒருவருக்காக மட்டும் இல்லை. மற்ற ஆட்டக்காரர்களுக்கும், பின்னால் நிற்கும் மக்களுக்கும் அது பதில் சொல்ல வேண்டும். மேலும், தொழில்முறை ஆட்டக்காரரை இன்னொரு குழுவுக்கு மாற்றலாம் என்பது எல்லாரும் தெரிந்தே விளையாடும் விதி. டெரோசானுக்கும் அது தெரியும்.

பிறகு அவருக்கு ஏன் அவ்வளவு வலித்தது? ஒன்று சொன்னார்கள், நடந்தது வேறு என்ற பொருளில் அவர் அன்றே எழுதினார். தன்னை மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையை அந்தக் கோடையில் நிர்வாகம் தந்திருந்தது என்பதுதான் அவர் குறை. குழுவின் தலைவர் மசாய் உஜிரியும் பத்திரிகையாளர்கள் முன்னிலையில், தகவல் சொன்னதில் இடைவெளி ஏற்பட்டிருக்கலாம் என்று டெரோசானிடம் மன்னிப்புக் கேட்டார். கவனியுங்கள், மாற்றியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சில் நேர்ந்த குறைக்குத்தான் கேட்டார். எனக்கு அந்த வேறுபாடு மிகச் சரியாகப் படுகிறது.

செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்கு உடனே கர்ணன் ஞாபகம் வரும். உண்ட சோற்றுக்காக உயிரையே கொடுத்தவன். நம் மேடைகளில் இந்தக் கடனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உண்டவன் என்ன செய்ய வேண்டும் என்றுதான் பேசுகிறோம். சோறு போட்டவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருவன் உழைப்பில் நாம் வளர்ந்திருக்கிறோம் என்றால், அவனும் நமக்குச் சோறு போட்டவன்தானே? அவனுக்கு நாம் பட்ட கடன் என்ன? ஆயுளுக்கும் அந்த இடத்தில் வைத்திருப்பது அந்தக் கடன் ஆகாது. அவனைப் பற்றிய முடிவை அவன் முகத்துக்கு நேராக, முதலில் அவனிடம், உண்மையாகச் சொல்வது. குறைந்தபட்சம் அது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடனை வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையின் புட்சால் குழுவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன. எங்கள் கோல்கீப்பர் என் பள்ளி நண்பன். குழு தொடங்கிய நாள் முதல் அவன்தான் கோல். ஜெர்சி வாங்கப் பணம் பத்தாதபோது தன் கைக்காசைப் போட்டவன். அந்த ஆண்டு மாநிலப் போட்டிக்குக் காலேஜ் அணியில் ஆடும் ஒரு தம்பி புதிதாக வந்தான். அவன் நன்றாகவே ஆடினான், அதில் சந்தேகம் இல்லை. அவனைப் போடுவது என்று நானும் இன்னும் இருவரும் முடிவு செய்தோம். நண்பனிடம் யார் சொல்வது? "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்று மூன்று நாள் போனது. போட்டிக்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டுவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் பயிற்சியில், "உன்னை விட்டா யாருடா நமக்குக் கோல்" என்று அவன் தோளைத் தட்டியிருந்தேன்.

நாங்கள் கிண்ணத்தை வென்றோம். புதிய தம்பி இரண்டு பெனால்டியைப் பிடித்தான். படம் எடுத்துப் போட்டோம். நண்பனும் அந்தப் படத்துக்குக் கட்டைவிரல் போட்டிருந்தான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை தேவார வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. ஒன்றுதான் கேட்டான்:

"நேர்ல சொல்லியிருந்தா நான் என்ன உன்ன அடிச்சிருப்பேனாடா? பேக்கை நானே தூக்கிட்டு வந்திருப்பேனே."

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. "ஜெயிச்சோமே" என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றுதான் புரிந்தது, வெற்றி எனக்குக் கிடைத்த பலன். அவனுக்கு நான் பட்ட கடனை அதைக் கொண்டு அடைக்க முடியாது. ஒருவனிடம் வாங்கிய கடனை இன்னொரு கடையில் கட்டினால் கணக்குத் தீருமா?

டொரோண்டோ ரசிகர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2019 பிப்ரவரியில் டெரோசான் எதிரணி ஜெர்சியில் அங்கே வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்துப் போய்க் கூடையில் போட்டவர் வேறு யாருமில்லை, லெனார்ட்தான். அதே ஆண்டு டிசம்பரில் லெனார்ட் எதிரணிக்காரராக வந்து தன் சாம்பியன் மோதிரத்தை வாங்கியபோதும் எழுந்து நின்றார்கள். இருந்தவருக்கும் நன்றி, வந்துபோனவருக்கும் நன்றி. தங்குவேன் என்று லெனார்ட் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. போனபோது ஏமாற்றம் இருந்திருக்கலாம், துரோகம் இல்லை. உண்மையாகப் பேசியிருந்தால் பிரிவுகூட அழகாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் கிளைத் தலைவர் ஆவீர்கள், கோயிலில் பொறுப்பு எடுப்பீர்கள், அலுவலகத்தில் பத்துப் பேரை நிர்வகிப்பீர்கள். ஒருவரை மாற்ற வேண்டிய நாள் கண்டிப்பாக வரும். மாற்றுங்கள். ஆனால் பட்டியல் ஒட்டுவதற்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடம்தான் நாம் கட்ட வேண்டிய கடன்.

என் நண்பன் இப்போதும் என்னோடு பேசுகிறான். தீபாவளிக்குப் போனால் அவன் அம்மா முறுக்கு தட்டு நிறைய வைக்கிறார். கிளைக்கு மட்டும் அவன் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் நானே நேரில் போய்த்தான் கூப்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.