தெரியாது என்பது ஒரு பதிலா?



2000 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அகதியாகக் கனடா வந்த எனக்கு முதலில் இடம் தந்தது ஒரு வீட்டின் பேஸ்மென்ற். எம்மவர் பலரின் கதையும் இதுதான். இன்று எனக்கும் ஒரு வீடு உண்டு. அதன் பேஸ்மென்றில், புதிதாக வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது றேடன் என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அத்திவார வெடிப்புகளாலும் குழாய் இடைவெளிகளாலும் வீட்டுக்குள் புகுந்து, யன்னல்கள் பூட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில் கீழ்த்தளத்தில் தேங்குகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988 இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களுள் சேர்த்தது. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் இதுவே. புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

நோய் வந்தால் "வினைப்பயன்" என்கிறோம். துயரத்தைத் தாங்க அச்சொல் உதவும். ஆனால் யாருடைய வினை? ஒருவருக்கு வந்த நோய்க்கு இந்த வாயுதான் காரணம் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே எந்த வீட்டுக்காரரையும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கேட்பாரில்லாத இடத்தில்தான் தர்மம் சோதிக்கப்படுகிறது.

நான் கணக்காளன். "தெரியாது" என்பதில் இரண்டு வகை உண்டு. அறிய வழியே இல்லாதது ஒன்று. அறிய வழியிருந்தும் கேட்காமல் விட்டது மற்றது. முதலாவது மன்னிக்கத்தக்கது. இரண்டாவது, மறைத்து வைத்த கடன். நான்கு வருடம் வாடகையை ஒழுங்காக வரவு வைத்த நான், அந்தக் கடனைப் பதியவேயில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சிறிய அளவுகருவி வாங்கி, மூன்று மாதம் கீழே வைத்தேன். கனடாவின் வழிகாட்டல் அளவு ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. எனக்கு வந்த விடை 340.

சொன்னால் அவர்கள் போய்விடுவார்களோ, வாடகை நின்றுவிடுமோ என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு சொன்னேன். அந்தத் தம்பி கோபிக்கவில்லை. "அண்ணை, பிள்ளையும் இங்கதானே படுக்கிறான்" என்றார். அவ்வளவுதான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தகுதி பெற்ற ஒருவர் வந்து, தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறி பூட்டி, வாயுவை வெளியே போகச் செய்தார். வெடிப்புகளையும் அடைத்தார். செலவு மூன்று மாத வாடகைக்கும் குறைவு. மீண்டும் அளந்தபோது 60.

போன நான்கு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இதை வாசித்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்று நீங்களும் சொல்ல முடியாது. வருகிற குளிர்காலத்தில் உங்கள் வீட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள். மேலே நாம் சுவாமி விளக்கு ஏற்றும்போது, கீழே ஒரு பிள்ளை மூச்சு விடுகிறது.