யாரும் பார்க்காத கிலோமீட்டர்

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். கோலாலம்பூரில் ஓடினால் கூடவே ஆயிரக்கணக்கில் ஆள், கேமரா. தைப்பிங் மாதிரி சின்ன ஊரில் அப்படியில்லை. ஏரிப் பூங்காவைத் (பழைய ஈயச் சுரங்கக் குளங்கள்தான்) தாண்டினால் இருட்டு, மழை, தெருநாய். திரும்பும் இடத்தில் கையில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் அதுதான் சாட்சி. சின்ன ஓட்டங்கள் சிலவற்றில் அதுவும் இருக்காது. அங்கேதான் மனசு பேச ஆரம்பிக்கும்: "முன்னாடியே திரும்பிடு. நீ என்ன கோப்பையா வாங்கப் போற?"

இதை லேசில் ஒதுக்க முடியாது. 1980-இல் போஸ்டன் மராத்தானில் ரோஸி ரூயிஸ் கடைசிக் கட்டத்தில் நடுவே புகுந்து பெண்களில் முதலாவதாக வந்தார். பிறகு பட்டம் பறிபோனது. ஆனாலும் உண்மையில் ஜெயித்த ஜாக்லின் கரோவுக்கு முதலில் கோட்டைத் தொட்ட அந்த நிமிஷம் திரும்பக் கிடைக்கவில்லை. அது திருட்டு, சந்தேகமே இல்லை. முன்னூறாவது ஆளாக வரும் நான் யாரிடம் எதைத் திருடுகிறேன்?

நிஷ்காம கர்மம் என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். நம்மில் பலர் அதை 'ரிசல்ட் முக்கியமில்லை, ஏதோ செஞ்சா போதும்' என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. பலன்மேல் கண் இல்லாதவனுக்குக் குறுக்குவழியால் என்ன லாபம்? மெடல் ஆசை இருந்தால்தான் அது வழியாகவே கண்ணில் படும்.

32-வது கிலோமீட்டருக்கு மேல் நானும் நடக்கத்தான் செய்கிறேன். சில சமயம் தண்ணீர் மேசையைக்கூட மடக்கியிருப்பார்கள். பரவாயில்லை, திரும்பும் இடம் இன்னும் முன்னால்தான் இருக்கிறது.