ஒலிப்பதிவு ஆசானின் அமானிதம்

பாடிக்கொண்டிருந்தவனின் குரல் ஓரிடத்தில் சற்றே தாழ்ந்துவிட்டது. பதிவறையில் அமர்ந்திருக்கும் மாணவன் கணிப்பொறித் திரையில் அவ்விடத்தைத் தொட்டு, குரலை உரிய சுருதிக்கு உயர்த்தி நிறுத்துகிறான். பாடியவன் பாடாத ஒன்றைப் பாடியதாக இனி உலகம் கேட்கும். இந்த வித்தையை அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் தந்தது தொழிற்கல்வியா, பொய்க்குப் பயிற்சியா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்க நாட்டின் சமுதாயக் கல்லூரிகளில் இசையும் ஒலிப்பதிவும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கேள்வியின் மீது நின்றுகொண்டுதான் பாடம் நடத்துகிறார்கள்.

அக்கல்லூரிகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஓர் ஈராண்டுக் கல்லூரி தோன்றியது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. வாயிலில் நின்று தரம் பிரிக்காமல், விரும்பி வந்தோரைச் சேர்த்துக்கொள்வது அவற்றின் பொது வழக்கம். பகலெல்லாம் கடையில் நின்ற இளைஞனும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்த தாயும் மாலை வகுப்பில் அருகருகே அமர்வர். கற்பிப்போரிலும் பெரும்பாலோர் முழுநேர ஆசிரியரல்லர்; ஒரு பாடத்திற்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுவோர். பகலில் ஸ்டூடியோவில் உழைத்துவிட்டு மாலையில் கற்பிக்க வருபவருக்கு அறத்தைப் பற்றி ஆற அமரப் பேச நேரமேது? மாணவனுக்கும் அதற்குப் பொறுமை இல்லை. அவனுக்கு வேலை வேண்டும். வேலை தருபவனோ 'திருத்தத் தெரியுமா?' என்று கேட்கிறான்.

திருத்தும் ஆசை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1877இல் எடிசன் கண்ட கருவியில் பாடியது பாடியதுதான். பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1935இல் ஜெர்மனியில் ஒலிநாடாக் கருவி காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்நாடாவைச் சவர அலகினால் வெட்டி ஒட்டலாம் என்று பின்னர் கண்டுகொண்டார்கள். கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல் மேடைக் கச்சேரியையே துறந்து, வெட்டி ஒட்டுவதும் கலைஞனின் உரிமையே என்று வாதாடினார். 1997இல் வந்தது ஆட்டோடியூன். அதனை ஆக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், முன்னர் எண்ணெய் தேடுவோருக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்தவர். பூமியின் வயிற்றில் எண்ணெய் தேடிய கணக்கு மனிதனின் தொண்டையில் சுருதி தேட வந்த விந்தையை என்னென்பது!

இனி இரு நிகழ்ச்சிகளைக் காண்போம். 1952இல் வாக்னரின் 'டிரிஸ்டன்' இசை நாடகத்தைப் பதிவு செய்தபோது, புகழ்பெற்ற பாடகி கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாடுக்காக உச்ச சுரம் வரும் இரண்டு இடங்களில் எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிக் கொடுத்தார். செய்தி வெளிப்பட்டதும் சலசலப்பு எழுந்தது. ஆனாலும் அப்பதிவு இன்றளவும் போற்றப்படுகிறது. 1990இல் மில்லி வனில்லி என்னும் இரட்டையர்க்குக் கிராமி விருது அளிக்கப்பட்டது. அவர்கள் பெயரால் வந்த தட்டில் பாடியது அவர்களே அல்லர் என்று தெரிந்ததும், அதே ஆண்டில் விருது திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் இரவல் குரல்தான். இரண்டு சுரம் மன்னிக்கப்பட்டது, முழுத் தட்டு மன்னிக்கப்படவில்லை. அப்படியானால் எல்லைக்கோடு எண்ணிக்கையிலா இருக்கிறது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நமக்கு நெருங்கியதோர் எடுத்துக்காட்டை நோக்குவோம். எகிப்தில் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் பதிவு செய்யப்பட்டு 1961இல் வெளிவந்தது. இத்தகைய பதிவில் ஓர் எழுத்து பிசகுமானால் அவ்விடத்தைத் திரும்ப ஓதிப் பதிவதை எவரும் ஏமாற்று என்னார். பிசகை அப்படியே விட்டுவைப்பதே குற்றம். ஏனெனில் அப்பதிவு ஓதுபவரின் திறமைக்குச் சாட்சி அன்று, ஓதப்படுவதற்குச் சாட்சி. திருத்தம் அங்கே கடமையாகிறது. 'இன்னார் இப்படிப் பாட வல்லார்' என்று சாட்சி சொல்ல வரும் பதிவிலோ, அதே திருத்தம் பொய்ச்சாட்சியாகிறது. கூல்ட் செய்தது இவ்விரண்டிலும் சேராது. அவர் கல்மேல் கல்லடுக்கி வீடு கட்டுவதுபோல் ஒன்றைக் கட்டினார், கட்டுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லியும் வைத்தார். கருவி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். பதிவு எதற்குச் சாட்சியாக நிற்கிறது என்பதே வேறுபடுகிறது.

ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு சொல் உண்டு. அறிவிப்பாளர் தொடரில் உள்ள ஓர் இடைவெளியைத் தெரியாதபடி மூடிவிடுவதை அது குறிக்கும். விற்கும் பொருளின் குறையை மறைப்பதையும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதே சொல்லால் சுட்டினர். இதில் நான் வியப்பது அவ்வறிஞர்களின் நிதானத்தை. தத்லீஸ் செய்தவரைப் பொய்யர் என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. 'இன்னாரிடமிருந்து' என்று பொதுப்படச் சொன்னால் ஏற்கவில்லை. 'நான் நேரில் கேட்டேன்' என்று தெளிவாகச் சொன்னால், நம்பகமானவரிடமிருந்து அதனை ஏற்றுக்கொண்டார்கள். பெரும்பாலோர் கொண்ட நிலை இதுவே. பதிவறைக்கும் இவ்வளவு நிதானம் போதும். தட்டின் உறையில் வயலின் வாசித்தவர் பெயர் இருக்கிறது. காப்பி கொண்டுவந்து கொடுத்தவருக்கும் சிலபோது நன்றி இருக்கிறது. எந்த இடங்களில் குரல் திருத்தப்பட்டது என்பதை மட்டும் பெரும்பாலும் காணோம்.

'எல்லாருக்கும் தெரிந்த செய்திதானே, யார் ஏமாறுகிறார்கள்?' என்பர் சிலர். விலை கொடுத்து வாங்குபவர் ஒருவேளை ஏமாறாதிருக்கலாம். ஆனால் அதனையே அளவுகோலாகக் கொண்டு தன் தொண்டையை அளந்து பார்க்கும் சிறுமி இருக்கிறாளே! எந்த மனிதத் தொண்டைக்கும் வாய்க்காத நேர்த்தியைக் கேட்டுக் கேட்டு, தன் குரலில் ஏதோ ஊனம் இருக்கிறது என்று அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அந்த வகுப்பில் அமர்ந்திருப்போரிலும் பலர் அவளைப்போல் வளர்ந்தவர்களே. அவர்கள் திருத்தக் கற்கும்போது, தங்களை மௌனமாக்கிய அதே அளவுகோலைச் செய்யக் கற்கிறார்கள்.

ஆகவே அக்கலையைக் கற்பிக்காதீர் என்று சொல்வதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாலையில் களைத்து வருபவனிடம் பிழைப்புக்கான கருவியை மறைத்து வைப்பதும் அநீதியே. வரிசையை மட்டும் மாற்றலாம் என்பேன். முதலில் ஓர் அறை, ஒரு மனிதன், ஒரு மைக். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தால் குரல் எப்படி மாறுகிறது, சுவர் என்ன திருப்பிச் சொல்கிறது, மூச்சு எங்கே இழுக்கப்படுகிறது என்று செவி பழகட்டும். திருத்தாத குரல் எப்படியிருக்கும் என்று அறியாத செவி, திருத்தியதை எதனோடு ஒப்பிடும்? அதன் பிறகு கருவியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பயிற்சியின்போதும் 'இது எதற்குச் சாட்சி?' என்று கேட்டு, செய்த திருத்தத்தை ஏட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம்.

அங்கே ஒரு பருவம் என்பது பொதுவாக 15, 16 வாரம். முதல் நான்கு வாரமேனும் அக்கருவியைத் தொடவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். மாணவன் முதல் நாள் வகுப்பில் நுழையும்போதே, அவனுடைய கணிப்பொறியில் அந்தக் கருவி இருக்கிறது. தன் குரலைத் திருத்திக் கேட்டு அவன் மகிழ்ந்தும் விட்டிருக்கிறான். திருத்தாத அவன் குரலை அவனுக்கே முதன்முறையாகக் கேட்கச் செய்யும் வேலை அந்தப் பகுதிநேர ஆசிரியரிடம் வந்து சேர்கிறது.