காண்பதன் அறம்

ஈஜியன் கடலிலே சந்தோரினி என்றொரு கிரேக்கத் தீவு உண்டு. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த எரிமலைக் குமுறலினால் அதன் நடுப்பகுதி இடிந்து கடலுள் ஆழ்ந்தது. எஞ்சிய செங்குத்தான விளிம்பின்மேல் வெண்ணிற வீடுகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. அவ்வழகைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் உல்லாசப் பயணிகள் செல்கின்றனர். அவர்கள் பெருவிலை கொடுத்துத் தங்கும் குகை அறைகள் பல, முன்னொருகால் எரிமலைச் சாம்பற்பாறையைக் குடைந்து வறிய கடலோடிகள் அமைத்துக்கொண்ட குடியிருப்புக்களாகும். கப்பலுடையோர் மாளிகைகளில் வாழ்ந்தனர். 1956 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின்னர்த் தீவினர் பலர் வெளியேறினர். வறியோர் நீங்கிய பின்னரே அக்குகைகள் அழகாயின எனலாம். நமது மலையகத்திலோ உழைப்போர் அங்கேயே வாழ்ந்துகொண்டிருக்க, அவர்தம் வாழிடம் காட்சிப்பொருளாகிவிட்டது. பிறர் இடருற்று உழைக்கும் இடத்தை அழகெனக் கண்டு மகிழ்தல் அறமாகுமா என்னும் வினா இதனின்று எழுகின்றது.

இவ்வினாவைத் தட்டிக் கழிப்பதற்குத் தத்துவத்தில் ஒரு வழி உண்டு. இம்மானுவேல் கான்ற் 1790 இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டுகின்றார். அது அழகானதா என வினவப்பட்ட ஒருவன், மக்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்திற் செலவிட்ட பெருமக்களை ரூசோவின் வழிநின்று கண்டிக்கலாம். அது நியாயமேயாயினும், கேட்ட வினாவுக்கு விடையன்று என்பது கான்றின் கருத்து. அழகுணர்வு பொருளின் இருப்பில் நாட்டமற்ற மகிழ்ச்சி என்பது அவர் கொள்கை. நானுஓயா செல்லும் புகைவண்டியில் யன்னலோரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு இதனினும் வசதியான கொள்கை கிடைப்பது அரிது.

ஆயின், தேயிலை மலையின் தோற்றத்தையே சற்றுக் கூர்ந்து நோக்குவோம். கம்பளம் விரித்தாற்போன்றது என்று எல்லோரும் கூறுவர். (தேய்ந்துபோன உவமைதான், எனினும் கம்பளம் தானாக விளைவதன்று என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.) தேயிலை இயல்பில் மரம், விட்டுவிட்டால் முப்பது அடியும் வளரக்கூடியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, ஏறக்குறைய வாரந்தோறும் மட்டம் குலையாமற் கொழுந்து பறிப்பதனாலேயே அது இடுப்பளவில் ஒரே தளமாய் நிற்கின்றது. கைகள் சில மாதம் ஓய்ந்தால் கம்பளம் இல்லை. கவ்வாத்து வெட்டிய மலை மொட்டையாய்க் கிடக்கும்போது அதனைப் படம்பிடிப்பார் ஒருவருமிலர் என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. முன்பு அங்கிருந்தது காடு. காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. சந்தோரினியின் உருவை நெருப்பு வகுத்தது. நுவரெலியா, அட்டன் சரிவுகளின் உருவைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களின் கை வகுத்தது. கான்றின் அரண்மனையோ கட்டி முடிந்த ஒன்று. தேயிலை மலை வாரந்தோறும் கட்டப்படுவது. எனவே இங்கே தோற்றம் வேறு, உழைப்பு வேறு எனப் பிரித்தல் இயலாது. அக்கைகளைக் காணாதவனுக்கு அறத்தில் மட்டுமன்றிக் காட்சியிலும் குறை உண்டு.

நமது இலக்கண மரபு இதனை வேறுவகையில் உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்; உணவு, மரம், பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளில் அடக்கினார்; மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்கினார். நிலத்தை மட்டும் அறுத்தெடுத்துக் காட்சியாக்குதல் திணை மரபுக்கு அயலானது. மலையகத்தைக் குறிஞ்சி என்று பாராட்டும் நம் மேடைப் பேச்சாளர்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கு வந்தோர் பெரும்பாலும் சமவெளி உழவர், மருதநிலத்தார். மன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்தம் முன்னோர் நடந்த காட்டுவழி, நோயாலும் பசியாலும் பலர் மாண்ட பாலையாகவே இருந்தது.

அழகினும் வலிய ஓர் உணர்வையும் கான்ற் ஆராய்ந்தார். எரிமலை, தலைக்குமேல் தொங்கும் பாறை, பேரருவி ஆகியவற்றின் முன் எழும் அச்சம் கலந்த வியப்பே அது. பாதுகாப்பான இடத்தில் நின்று காண்போர்க்கே அவ்வச்சம் இன்பமாகும் என்று அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். இதனை மலையகத்தில் வைத்துப் பார்த்தால் வினாவின் கூர்மை புலப்படும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தால் எங்கே செல்வது? தலைமுறைகளாகத் தோட்டத்துக்குரிய லயன் அறையில் வாழ்ந்தவர்க்குச் சொந்த நிலம் இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றோர்க்கு வழிசெய்யும் சட்டம் 2003 இல்தான் வந்தது. காண்போன் இன்புறுதற்கு வேண்டிய பாதுகாப்பு, அதே சரிவில் உறங்குவோனுக்கு இல்லை. செங்குத்து என்ற ஒரே இயல்பு ஒருவனுக்கு வியப்பு. மற்றவனுக்கு மழைக்காலத்து இரவு.

அவ்வாறாயின் உழைப்போர் அழகை அறியார் என்று முடிவு கட்டலாமா? உழைக்கும் நிலம் அதில் உழைப்போர்க்குக் காட்சியாவதில்லை என்ற கருத்துப்பட றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் எழுதினார். ஆழ்ந்த கருத்தேயெனினும் முழுமையாக ஏற்பதற்கில்லை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் துயரத்தோடு காதலும் கேலியும் உள்ளன, பாடுவோர் கண்ணற்றவரல்லர். தோட்ட வழக்கில் ‘மலை’ என்றாலே வேலைத்தலம். ‘மலைக்குப் போதல்’ என்றால் வேலைக்குப் போதல். காலைப் பனியினூடே மலைக்குப் போகும் பெண் அப்பனியின் அழகை அறியாள் என்று யாம் எவ்வாறு துணிந்து கூறலாம்? அவளுக்கு இல்லாதது நின்று பார்க்கும் நேரமே.

எனவே, மலையகம் செல்லாதீர் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. செல்லாதவன் எதனையும் அறியான். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாயிற்று. துரைமார் பங்களாக்கள் சிலவும் விருந்தினர் விடுதிகளாயின. அங்குத் தங்குவோர் தேநீர் தயாராகும் முறையை ஆவலுடன் கேட்டறிகின்றனர். கொழுந்தின் விலை கேட்போர் சிலர், கூலி கேட்போர் அதனினும் சிலர். வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்திக் கூடையுடன் நிற்கும் பெண்ணைப் படம்பிடிக்கும் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தாலன்றி அவளுக்கு முழுப்பேர் விழாது. படத்துக்காக நின்ற பத்து நிமிடம் மாலையில் தராசிலே தெரியும். படம் எடுக்கலாமா என்று கேட்போர் உளர். இன்று நிறைக்கு இன்னும் எத்தனை கிலோ வேண்டும் அம்மா என்று கேட்டு, அதன்பின் கருவியை எடுப்பதா உறையிலிடுவதா என முடிவு செய்வோரை இனித்தான் காணவேண்டும்.