அயலாருக்குச் சாட்சி யார்?

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டதற்குப் பாண்டியனின் அவசரமும் பொற்கொல்லனின் சூழ்ச்சியும் காரணம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் உண்மைதான். அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருந்த மன்னன், போகிற போக்கில் ஓர் உயிரை முடித்துவைத்தான். ஆனால் கொலைக்களக் காதையில் அதைவிட உறுத்தலான இடம் ஒன்று இருக்கிறது. மேடைப் பேச்சுகளில் அது அதிகம் அடிபடுவதில்லை.

ஆணையோடு வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனுடைய தோற்றத்தில் கள்வனுக்கான குறி எதுவும் இல்லை, இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு களவுக் கலையை விளக்கத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்குகிறான். அந்தப் பேச்சின் சாரம் இவ்வளவுதான்: பார்க்கக் கள்வன் மாதிரி இருந்தால் அவன் கள்வன், அப்படி இல்லையென்றால் இன்னும் தேர்ந்த கள்வன். அப்பாவித்தனமே குற்றத்துக்கு அத்தாட்சியாகிவிட்ட பிறகு, எதிரே நிற்பவன் எதைக் காட்டித் தப்புவான்?

அடுத்து ஓர் இளம் வீரன் பேசுகிறான். மழை பெய்த ஓர் இருட்டில் கள்வன் ஒருவன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மாயமாய் மறைந்த கதையைச் சொல்கிறான். அந்தக் கள்வனுக்கும் இந்தக் கோவலனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அன்று பட்ட அவமானம் இன்றைய மனிதனின் கணக்கில் ஏறிவிடுகிறது. விட்டுவிட்டால் மன்னன் நம்மைச் சும்மா விடமாட்டான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று அவன் கேட்டு முடிப்பதற்குள், கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அத்தனை பேரில் ஒருவர்கூடக் கோவலனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. களவு போன அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கோவலன் விற்க வந்த, அவன் மனைவி கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

புகார் நகரத்தில் இது நடந்திருக்காது. அங்கே அவன் மாசாத்துவானின் மகன். எந்தத் தெருவில் மறித்தாலும் அவனைத் தெரியும் என்று சொல்ல ஆள் இருந்திருக்கும். மதுரைக் கடைவீதியில் அவன் கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் யாரோ ஒருவன். நம் கிராமங்களில் புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். அதற்கு விடை இருந்தால், ஆளைப் பற்றிய முக்கால்வாசிச் செய்தியும் வந்துவிடும். விசாரிக்கவும் இடம் இருக்கும். விடை இல்லையென்றால் அந்த வெற்றிடத்தை நாமே நிரப்புகிறோம். உடை, நிறம், பேச்சு, நேற்று காதில் விழுந்த வதந்தி என எது கைக்கு எட்டுகிறதோ அதைப் போட்டு நிரப்புகிறோம். அயலாரைத் தப்பாக எடைபோடுவதற்குப் பெரிய வெறுப்பு எதுவும் தேவையில்லை. அவருக்காகப் பேச அந்த இடத்தில் ஆள் இல்லாதிருந்தாலே போதும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததும் இதுவே. குலதெய்வக் கோயிலுக்காகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் இருந்த வயதான பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். குலதெய்வத்தைத் தேடி வருகிறவர் ஒருவகையில் தன் பூர்வீகத்தைத் தேடி வருகிறவர். அந்த மண்ணிலேயே அவர் அந்நியரானார். குழந்தைக்குத் தின்பண்டம் கொடுப்பது எல்லாப் பாட்டிகளும் செய்கிற காரியம். முகம் தெரிந்த பாட்டி கொடுத்தால் அன்பு, தெரியாத பாட்டி கொடுத்தால் மயக்க மருந்து. பொற்கொல்லனின் தர்க்கம் இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது. அந்த நிலையில் மாட்டிக்கொண்டவர் ஓடினால் திருடர், நின்றால் துணிந்தவர், தடுமாறினால் பொய்யர், தெளிவாகப் பதில் சொன்னால் முன்கூட்டியே பாடம் செய்து வந்தவர்.

அந்த ஆண்டு கைபேசிகளில் சுற்றிய காணொளிகளில் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப் போய், உடனே திரும்பக் கொண்டுவந்து விட்டு எச்சரிக்கை வாசகம் காட்டுவதாக அது முடியும். அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பரப்பினார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரைன்பாடா கிராமத்தில், யாசகம் கேட்டு ஊர் ஊராகப் போகும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு கட்டியது. வதந்தியின் வேகம் குறைந்திருக்கலாம். கேட்டவுடன் நம்புகிற மனத்துக்கு அந்த ஐந்தே தாராளம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முன்பின் தெரியாதவர் கொடுத்தால் வாங்காதே என்று பிள்ளைக்குச் சொல்லாத தாய் உண்டா? சொல்வதில் என்ன தவறு? பின்னிரவில் கதவைத் தட்டுகிறவருக்கு யாரென்று கேட்காமல் திறக்கச் சொல்வது அறமாகாது. சந்தேகம் சில நேரங்களில் உயிரைக் காக்கும். அது தானாக எழுவதை யாராலும் தடுக்கவும் முடியாது. தானாக எழுவதைக் குற்றம் என்பதும் நியாயமில்லை.

ஆனால் அந்தச் சந்தேகம் சரியான திசையில்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதை ஆண்டுதோறும் காணலாம். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். அயலார் மீது நாம் கொட்டுகிற எச்சரிக்கையில் ஒரு பங்கு, தெரிந்தவர்களுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் கண்மூடித்தனமான சலுகைக்கு ஈடுகட்டத்தானோ என்னவோ. முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற பெருமையும் நிற்பதில்லை. பொய்யை இனங்காணும் திறன் குறித்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளை பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் 50 கிடைத்திருக்கும்.

நம்புவதிலும் நமக்கு இதே கதிதான். அரச மரியாதைக்குரிய உடையில், தொழிலாளர் கூட்டம் பின்தொடர வந்த பொற்கொல்லனைப் பார்த்ததும், இவன் பாண்டியனிடம் பேர் பெற்றவன் என்று கோவலன் தானாகவே முடிவுகட்டிச் சிலம்பை நீட்டினான். உடையைப் பார்த்து அவன் நம்பினான். முகத்தைப் பார்த்துக் காவலர்கள் தயங்கினார்கள். தயங்கியவர்களின் கணிப்பு சரிதான் என்றாலும் அதற்கு அடிப்படை ஏதும் இல்லை. அதனால்தான் பொற்கொல்லனின் நாலு வார்த்தைக்கு அது தாங்கவில்லை.

கூட்டம் மட்டும் இப்படிச் செய்வதாக நினைக்க வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து, சட்டம் எழுதி, முத்திரை குத்தியும் இதைச் செய்திருக்கிறார்கள். 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பரவியது. கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகங்களில் பிறந்ததற்காகவே மனிதர்கள் பதிவேட்டில் ஏறினார்கள். மதுரைப் பக்கம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது. ஒரு சமூகத்தையே அயலாராக்கிவிட்டால், அதற்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கும் சிரமம் ஆட்சியாளருக்கு மிச்சம்.

அப்படியானால் பழி எங்கே விழ வேண்டும்? மனத்தில் சந்தேகம் தோன்றிய இடத்தில் அல்ல. முடிவு தவறிப்போன இடத்திலும் அல்ல, ஏனென்றால் சரியான முடிவும் பல நேரம் குருட்டாம்போக்கில்தான் வாய்க்கிறது. சந்தேகத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டும். சொன்னால் நம் எண்ணம் மாறக்கூடும் என்ற வாய்ப்பையும் விட்டுவைக்க வேண்டும். மாறவே மாறாத முடிவோடு கேட்கிற கேள்வி விசாரணை ஆகாது. இந்தக் கணக்கில் பார்த்தால் வாளை வீசிய மூடனைவிட, ‘இவன் கள்வன் அல்லன்’ என்று கண்டும் அடுத்த அடி எடுத்துவைக்காத காவலர்களின் பொறுப்பு கூடுதல். மூடனுக்கு ஐயமே எழவில்லை. இவர்களுக்கு எழுந்தது, மன்னனிடம் திரும்பிப் போய்ச் சொல்லும் தைரியம்தான் இல்லை. அடிக்கும் கூட்டங்களின் ஓரத்திலும் இப்படிச் சிலர் நிற்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அயலாருக்குச் சாட்சி இல்லை என்னும்போது, அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்களான அவர்கள்தாம். தெரியாதவருக்காகப் பரிந்து பேச அவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் வரட்டும், அதுவரை இவர் இங்கே உட்காரட்டும் என்று சொன்னால் போதும்.

2023 மார்ச்சில் தமிழர்களுக்கே எதிர்ப்பக்கத்தில் நிற்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் வடக்கே பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் மனத்தில் ஒரு மாநிலமே கொலைக்கூட்டமாகிவிட்டது. இம்முறை பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் நேரில் வந்து இங்குள்ள அதிகாரிகளிடமும் தொழிலாளர்களிடமும் பேசினார்கள், செய்தி பொய்யென்று தெரிந்துகொண்டார்கள். அதற்குள் ஊரிலிருந்து பதறிப்போய்ப் பெற்றோர் பேசிய பேச்சைக் கேட்டுச் சிலர் ரயிலேறிவிட்டார்கள். அது ஹோலி நேரம். அந்தப் பெட்டிகளில் பண்டிகைக்காகப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.